பாடம்: தேயிலை மலைக்கு ஒரு நாள்

அகளி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் அட்டப்பாடியில் உள்ள ஊர். கோயம்புத்தூருக்கு அருகில் இருப்பதால் அங்கே தமிழும் புழங்குகிறது. விடுமுறையில் அங்குள்ள உறவினர் வீட்டுக்குச் செல்லும் குடும்பம் ஒன்று, இடுக்கி மாவட்டத்து மூணாறு தேயிலைத் தோட்டங்களைப் பார்க்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

வழி: அகளியிலிருந்து ஒரே நாளில் மூணாறு போய்த் திரும்புவது பிள்ளைகளுக்குச் சிரமம். முதல் நாள் ஆனைக்கட்டி, கோவை, பொள்ளாச்சி வழியாக உடுமலைப்பேட்டைக்கு வந்து தங்குங்கள். அங்கிருந்து மூணாறு ஏறக்குறைய 85 கி.மீ. விடிந்ததும் புறப்படுங்கள். இடையில் உள்ள சின்னாறு, யானைகள் நடமாடும் காடு. மாலையில் இருட்டுமுன் அதைக் கடந்துவிட வேண்டும். ஆகவே பிற்பகல் இரண்டு மணிக்கே மூணாற்றை விட்டுக் கிளம்புவது நல்லது.

காட்சி: சின்னாறு மழைமறைவுப் பகுதி, முட்செடிகளே மிகுதி. அடுத்து வரும் மறையூரில் சந்தனக் காடும் கரும்புத் தோட்டமும் உண்டு. அதற்கு மேலே ஏறியதும் தேயிலையும் மூடுபனியும் தொடங்கும். ஒரே சாலையில் மூன்று விதமான நிலங்கள்! ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்திப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மூணாற்றிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்தில், 'இரண்டு இலை ஒரு மொட்டு' எனக் கிள்ளிய கொழுந்து வாடி, உருண்டு, நிறம் மாறி, உலர்ந்து தேயிலைத் தூளாகும் விதத்தை அறியலாம்.

மக்கள்: இம்மலையில் 1880-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் தேயிலை பயிரிடத் தொடங்கினர். காட்டைத் திருத்தியவர்களில் பெரும்பாலோர், கங்காணிகள் அழைத்துவந்த தமிழர். அவர்களின் வழிவந்த பெண்களே 2015 செப்டம்பரில் போனசும் கூலி உயர்வும் கேட்டு, 'பொம்பளை ஒருமை' என்ற பெயரில் மூணாற்றுச் சாலையில் அமர்ந்து போராடினர். நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். தமிழில் பேசுங்கள், தமிழிலேயே பதில் கிடைக்கும். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

காலம்: வெளிநாட்டுப் பள்ளிகள் பலவற்றின் நீண்ட விடுமுறை ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வருகிறது. அங்கே அது கடும் மழைக்காலம். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் பலியாயின. அவர்களுள் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. ஆகவே வானிலை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தயங்காமல் தள்ளிவையுங்கள். டிசம்பர் விடுமுறையே ஏற்றது. நாம் ஒரு நாள் ரசிக்கும் மேகத்தின் கீழே அவர்கள் ஆண்டு முழுவதும் வாழ்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் உணரட்டும்.

சொற்பொருள்
லயம் – தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு
கங்காணி – தொழிலாளரைத் திரட்டி வேலை வாங்குபவர்
மழைமறைவு – மலை தடுப்பதால் மழை குறைந்த நிலம்

பயிற்சி
1. சின்னாற்றில் மழை குறைவு, மூணாற்றில் மிகுதி. ஏன்?
2. உங்கள் வீட்டுத் தேநீர் எந்த நாட்டுத் தேயிலை? பொட்டலத்தைப் பார்த்து எழுதுக.
3. உங்கள் குடும்பம் ஊர் விட்டு வந்த கதையைப் பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.