தலைமையும் கடைமடையும்

முன்னுரை

மேட்டூர் அணை திறக்கப்படும் நாளில் மலர் தூவி நீரை வரவேற்போர் பலர். அந்நீர் கல்லணையை அடைந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து தஞ்சை மண்ணுக்குள் நுழைகிறது. ஆயினும் அவ்வாண்டின் நீர் நிருவாகம் நன்றா, தீதா என்பதை நம் உழவர் அணையைப் பார்த்துச் சொல்வதில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை வயலுக்கு நீர் வந்து சேர்ந்ததா என்று கேட்ட பின்னரே சொல்வர். தலைமடையில் வெள்ளம் கரைபுரண்டாலும் கடைமடை காய்ந்தால் முறை தவறிற்று என்பதே அவர்கள் தீர்ப்பு.

வணிக நிருவாகவியல் பயிலும் மாணவர்க்கு 'நிறுவன நடத்தையியல்' என்றொரு பாடம் உண்டு. தலைமைப் பண்பு அதன் முதன்மையான பகுதியாகும். அவ்வகுப்பிற்குத் தமிழ் கற்பிக்கச் சென்ற நம்மிடம் ஒரு மாணவர், "ஐயா, எங்கள் பாடநூலில் வரும் பெயர்களில் ஒன்றுகூட நம் ஊர்ப்பெயர் இல்லையே. எங்கள் பாடத்திற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு?" என்று வினவினார். அவ்வினா குறும்பு அன்று, நேர்மையானது. அதற்கு விடை காணும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

பாடநூல் எழுப்பும் வினாக்கள்

பிரான்சு நாட்டுச் சுரங்க நிறுவனம் ஒன்றை நெடுங்காலம் நிருவகித்த என்றி ஃபயோல், 1916ஆம் ஆண்டில் நிருவாகத்திற்குரிய 14 நெறிகளை வகுத்து வெளியிட்டார். வேலைப்பகுப்பு, அதிகாரமும் பொறுப்பும், நேரிய ஊதியம் ஆகியன அவற்றுட் சில. பின்னர் அமெரிக்காவில் சிக்காகோ நகருக்கு அருகிலுள்ள ஹாதார்ன் தொழிற்கூடத்தில் 1924 முதல் 1932 வரை ஆய்வுகள் நடைபெற்றன. விளக்கொளியைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று அறியவே அவை தொடங்கின. ஒளியைக் குறைத்தபோதும் உற்பத்தி எதிர்பார்த்தவாறு குறையவில்லை. தம்மை ஒருவர் பொருட்படுத்துகிறார் என்னும் உணர்வும், உடன் உழைப்போரின் குழு உணர்வும் உழைப்பைப் பாதிக்கின்றன என எல்டன் மேயோ முதலிய அறிஞர் விளக்கினர். அவ்விளக்கத்தைப் பின்வந்தோர் பலவாறு மறுத்தும் திருத்தியும் உள்ளனர். எனினும் அவ்வாய்வு எழுப்பிய வினா இன்றும் நிற்கிறது.

இவற்றின் சாரத்தை மூன்று வினாக்களாக நாம் சுருக்கிக் கொள்ளலாம். வேலையையும் ஊதியத்தையும் எவ்வாறு பகுப்பது? பொறுப்பேற்றவர் விலகினால் அவ்விடத்திற்குத் தக்காரை எவ்வாறு தேர்வது? உழைப்பவர் தாம் மதிக்கப்படுவதாக உணர்கிறாரா? நெல் அரவை ஆலை, கூட்டுறவுச் சங்கம், ஜமாஅத், கல்லூரி என மனிதர் கூடிப் பணியாற்றும் இடம் எதுவாயினும் இம்மூன்று வினாக்களும் அங்கு உண்டு.

கல்லில் எழுதிய பணியாளர் பட்டியல்

இவ்வினாக்களை மனத்திற் கொண்டு, மாணவர் சிலருடன் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர் அருகே நின்றோம். சமய நோக்கில் அன்று. ஒரு பெரும் நிறுவனத்தின் ஆவணமாகவே அக்கல்வெட்டுகளை நோக்கினோம். முதலாம் இராசராசன் 985 முதல் 1014 வரை ஆண்டவன். 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அக்கோயிலின் வரவும் செலவும் பணியாளர் விவரமும் அதன் கற்களிலேயே வெட்டப்பட்டுள்ளன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதி அவற்றைப் பதிப்பித்துத் தந்துள்ளது.

தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும், ஒவ்வொருவரும் எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாம் வீட்டில் குடியிருந்தனர் என்பதும் அங்கே உள்ளன. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவர், இசைவாணர், கணக்கர் ஆகியோரோடு குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர் ஆகியோருக்கும் வேலைக்குத் தக்கவாறு பங்கு வரையறுக்கப்பட்டுள்ளது. தலைமைத் தச்சனுக்கு இராசராசப் பெருந்தச்சன் என்று பட்டம். நாவிதனுக்கு இராசராசப் பெருநாவிசன் என்று பட்டம். மன்னன் தன் பெயரை இருவருக்கும் அளித்துள்ளமை கருதத்தக்கது. மேற்பார்வை அதிகாரியாகிய ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளானின் பெயரும் கல்லில் உள்ளது. அவனது அதிகாரத்தின் கீழ்ப் பணிபுரிந்தோர் பெயரும் கல்லில் உள்ளன. முதல் வினாவிற்கு ஒரு விடை இது.

இரண்டாம் வினாவிற்குரிய விடை இன்னும் நுட்பமானது. ஒரு பணியாளர் இறந்தாலோ வெளியூர் சென்றுவிட்டாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்ய வேண்டும். உறவினர்க்கு அத்தகுதி இல்லையெனின், அவர் தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பணியைச் செய்வித்துப் பங்கைப் பெறலாம். உறவினரே இல்லையெனின், அதே பணியில் உள்ள மற்றவர்கள் கூடித் தக்க ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உரிமை குடும்பத்திற்கு இருந்தது. ஆனால் தகுதியில்லாதவர் கையில் வேலை விடப்படவில்லை. அத்தொழில் அறிந்தோரிடமே தேர்வு ஒப்படைக்கப்பட்டது என்பதும் எண்ணி மகிழத்தக்கது. திருக்குறளின் 51ஆம், 52ஆம் அதிகாரங்களான தெரிந்து தெளிதலும் தெரிந்து வினையாடலும் பேசும் பொருள், ஈண்டு நடைமுறை விதியாக நிற்கக் காண்கிறோம்.

ஃபயோல் சொன்னதை நம் முன்னோர் என்றோ சொல்லிவிட்டனர் என்று மார்தட்டுவது நம் நோக்கமன்று. அவ்வாறு மார்தட்டினால் மூன்றாம் வினாவைத் தப்பவிட்டு விடுவோம்.

கல்வெட்டு சொல்லாதவை

அந்த 400 பெண்டிரும் திருவாரூர், நாகப்பட்டினம், பழையாறை முதலிய பல ஊர்த் தளிகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அவர்தம் முந்தைய ஊர்களைக் கல்வெட்டு குறிக்கிறது. அவர்கள் விரும்பி வந்தனரா என்பதைக் குறிக்கவில்லை.

அவர்களுக்கு அளந்த நெல்லை விளைத்தவர் யாவர்? கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஊர்களின் நில அளவைக் கூறும் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. வரி விதிக்க இயலாத நிலங்களாக ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் கழிக்கப்படுகின்றன. நாவிதனுக்குப் பட்டம் தந்த அந்த ஆவணத்தில், சேற்றில் நின்று உழைத்த மக்கள் பெயராக வரவில்லை. மொத்த அளவிலிருந்து கழிக்கப்பட்ட நிலமாகவே வருகின்றனர்.

இது பழங்கதை என்று ஒதுக்க இயலாது. 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கீழவெண்மணியில், கூலி உயர்வு வேண்டிய உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவருள் மிகுதி. மறு ஆண்டே வேளாண் தொழிலாளர்க்கான நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. பேசித் தீர்க்க வேண்டிய கூலி வழக்கைக் கேட்கும் செவி இல்லாதபோது ஒரு நாட்டுப்புறம் எந்த நிலைக்குச் செல்லும் என்பதற்கு அது என்றும் ஆறாத சான்று. கடைமடை காய்ந்ததன் விளைவு அது.

தலைமை என்னும் அமானிதம்

தலைமையை உரிமை என்று கருதுவோர் உண்டு. இசுலாம் அதனை அமானிதம், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்கிறது. ஒவ்வொருவரும் ஒருவகையில் மேய்ப்பரே என்றும், தம் பொறுப்பில் உள்ளோரைக் குறித்து ஒவ்வொருவரும் வினவப்படுவர் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்குமாறும் பணித்தார்கள். திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்திற்கு அஷ்ஷூரா, அதாவது கலந்தாலோசனை என்பதே பெயர். கலந்தாலோசனை என்பது மேலோர் தமக்குள் கூடிப் பேசுவது மட்டுமாகாது. முடிவினால் பாதிக்கப்படுவோரின் சொல்லும் அங்கு ஏற வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

முடிவுரை

நம் மாணவர் பலரின் தந்தையர் வளைகுடா நாடுகளில் பிறர் தலைமையின் கீழ் உழைத்தவர்கள், இன்றும் உழைப்பவர்கள். ஊதியம் காலந்தாழ்ந்த மாதங்களையும், குறை சொல்ல ஆளின்றித் தவித்த நாள்களையும் வீட்டில் கேட்டே நம் மாணவர் வளர்ந்துள்ளனர். வேறு சிலர் பிறர் வயலில் நாற்று நட்ட தாய்மாரின் பிள்ளைகள். நாளை இவர்கள் மேலாளர் நாற்காலியில் அமர்வர். மறந்துவிடுவது எளிது, அதனாலேயே இதனை எழுதுகிறோம்.

மாணவர்களே! ஃபயோலையும் மேயோவையும் நன்கு படியுங்கள். அவர்கள் கேட்ட வினாக்கள் நமக்கும் உரியவை. படித்த பின், உங்கள் ஊரிலுள்ள ஓர் அரிசி ஆலைக்கோ கூட்டுறவுச் சங்கத்திற்கோ செல்லுங்கள். முதலாளியிடம் பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மூட்டை சுமப்பவரிடமும் கூட்டிப் பெருக்கும் அம்மையாரிடமும், கூலி உரிய நாளில் வருகிறதா, குறை சொன்னால் கேட்பவர் உண்டா என்று பணிவுடன் கேளுங்கள். அவர்கள் தரும் விடையே அந்நிறுவனத்தின் தலைமைக்குரிய மதிப்பெண். நம் கல்லூரிக்கும், நம் துறைக்கும், இதனை எழுதும் நமக்கும் அதுவே அளவுகோல். கடைமடையில் நீர் நின்றால் மேலே எல்லாம் முறையாக உள்ளது என்று கொள்ளலாம்.