பெருந்தமனிக்கு ஓர் ஒட்டு



மேலநீலிதநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பின் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் 'தொம், தொம்' என்று தட்டுகிறது. இறங்கிப் பார்த்தால், டயரின் ஓரம் நைந்துபோன இடத்தில் டியூப் கோழிமுட்டை போலப் பிதுங்கி நிற்கிறது. மெல்ல உருட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் காற்றை இறக்கி, பழைய டயர்த் துண்டு ஒன்றை உட்புறமாக வைத்து, மீண்டும் காற்று அடித்துத் தருகிறார்.

"இனிமே ஒண்ணும் ஆகாதுல்லா, அண்ணாச்சி?"

"இந்த இடம் தாங்கும், தம்பி. ஆனா டயரு பழசு. மத்த இடத்தையும் அப்பப்ப பாத்துக்கோ."

நம் உடலில் உள்ள மிகப் பெரிய இரத்தக் குழாய்க்கும் இதே போன்ற கோளாறு வருவதுண்டு. அதற்கும் ஒட்டுப் போட முடியும். ஒட்டுப் போட்ட பிறகும், 'மற்ற இடத்தையும் பார்த்துக்கொள்' என்பதே அங்கும் பாடம்.

குழாய் ஏன் புடைக்கிறது?

இதயத்தின் இடப்புறக் கீழறையிலிருந்து புறப்படும் குழாய்க்குப் பெருந்தமனி என்று பெயர். அது மேலே சென்று, கைத்தடியின் பிடி போல வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கி, ஏறக்குறையத் தொப்புளுக்கு நேராக இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் விட்டம் சுமார் 2 செ.மீ. இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை அடியையும் இந்தக் குழாயின் சுவர் தாங்குகிறது.

சுவரில் இரு வகை நார்கள் முக்கியமானவை. எலாஸ்டின் நார் இரப்பரைப் போல நீண்டு சுருங்கும். கொல்லாஜன் நார் கயிற்றைப் போல இழுத்துப் பிடிக்கும். எலாஸ்டினில் பெரும்பகுதி நாம் கருவில் இருக்கும்போதும் குழந்தைப் பருவத்திலும் உருவாகிவிடுகிறது. பின்னர் அது சிதைந்தால் புதிதாக உண்டாவது மிகக் குறைவு. முதுமை, புகைப் பழக்கம், உயர் இரத்த அழுத்தம், பரம்பரை ஆகியவற்றால் நார்கள் நலிந்தால், அந்த இடம் சிறிது சிறிதாகப் புடைக்கும். இதனை மருத்துவர்கள் 'அனியூரிசம்' என்பர். நாம் தமனிப் புடைப்பு என்போம். வயிற்றுப் பகுதியில் விட்டம் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அது புடைப்பு எனக் கணக்கிடப்படுகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

குழாயின் சுவரில் ஏற்படும் இழுவிசையை அறிய எளிய விதி ஒன்று உண்டு. பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸின் பெயரால் அது வழங்குகிறது: இழுவிசை = அழுத்தம் × ஆரம்.

120 மி.மீ. பாதரச அழுத்தம் என்பது சுமார் 16,000 பாஸ்கல். ஆரம் 1 செ.மீ., அதாவது 0.01 மீட்டர் என்றால், இழுவிசை மீட்டருக்கு 160 நியூட்டன். குழாய் புடைத்து ஆரம் 3 செ.மீ. ஆகிவிட்டால், அதே அழுத்தத்தில் இழுவிசை 480 நியூட்டன். மூன்று மடங்கு! நலிந்த சுவரே கூடுதல் இழுப்பைத் தாங்க வேண்டியிருக்கிறது. அதனால் புடைப்பு மேலும் பெருக்கிறது. பெருக்கப் பெருக்க இழுப்பும் கூடுகிறது. முடிவில் ஒருநாள் வெடிக்கக்கூடும். வெடித்தால் பலர் மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன்பே இறந்துவிடுகின்றனர். அதற்கு முன்போ, பெரும்பாலும் வலியே இராது.

ஐன்ஸ்டைனுக்கு நேர்ந்தது

1948 டிசம்பரில், அப்போது 69 வயதான ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கு நியூயார்க்கில் டாக்டர் ருடால்ஃப் நிஸ்ஸன் வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்தார். பெருந்தமனியில் பெரிய புடைப்பு ஒன்று தெரிந்தது. புடைத்த பகுதியை எடுத்துவிட்டு வேறு குழாய் பொருத்தும் முறை அன்று வழக்கில் இல்லை. ஆகவே அவர் செல்லோஃபேன் தாளைப் புடைப்பின்மேல் சுற்றினார். ஆம், மிட்டாய் சுற்றும் அதே பளபளப்பான தாள்தான்! அந்நியப் பொருள் பட்டால் உடல் அதைச் சுற்றித் தழும்புத் திசுவை வளர்க்கும். அந்தத் தழும்பு சுவருக்கு வலுவூட்டும் என்பது எண்ணம். ஐன்ஸ்டைன் அதன்பின் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் புடைப்பு வெடித்தது. அதற்குள் புதிய அறுவை முறை வந்துவிட்டிருந்தது. ஆயினும் அவர் அறுவை வேண்டாம் என்று மறுத்துவிட்டார். ஏப்ரல் 18 அன்று காலமானார்.

துணியே குழாயானது

1951-இல் பாரிஸில் சார்ல் துபோஸ்த், புடைத்த பகுதியை நீக்கி, இறந்த ஒருவரின் தமனித் துண்டை அங்கே பொருத்தினார். ஆனால் அத்தகைய துண்டுகள் நாளடைவில் கெட்டன. அமெரிக்காவில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் மருத்துவர், நாயின் இதயத்துக்குள் நின்றுவிட்ட பட்டு நூலின்மேல் பளபளப்பான மெல்லிய படலம் படர்ந்திருந்ததைக் கண்டார். நூலின்மேல் படலம் படரும் என்றால், துணியின்மேலும் படராதா? 1952-இல் அவரும் தோழர்களும் 'வின்யான்' துணிக் குழாய்களைப் பற்றி எழுதினர். பின்னர் ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி, கடையில் டேக்ரான் துணி வாங்கி, மனைவியின் தையல் இயந்திரத்தில் தாமே குழாய் தைத்துப் பார்த்தார். டேக்ரான் என்பது பாலியெஸ்டர். டெரிகாட்டன் சட்டையில் பருத்தியோடு கலந்திருக்கும் அதே இழை.

சங்கரன்கோவில் விசைத்தறிகளில் பாவும் ஊடையும் கோத்துச் சேலை நெய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செயற்கைத் தமனியிலும் பாவும் ஊடையும் உண்டு. ஆனால் அது தட்டையாக அல்லாமல் குழாயாகவே நெய்யப்படுகிறது.

1990-இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஹுவான் பரோடி வேறொரு வழியைக் காட்டினார். வயிற்றைத் திறக்காமல், தொடை இடுக்குத் தமனி வழியாக மடித்த துணிக் குழாயைச் செலுத்தி, புடைப்புக்குள்ளேயே விரித்து நிறுத்தினார். சைக்கிள் கடைக்காரர் உள்ளே வைத்த டயர்த் துண்டு நினைவுக்கு வருகிறதா?

அறுவைக்குப் பின்

வயிற்றைத் திறந்து செய்த அறுவை என்றால், முதலில் தீவிரக் கண்காணிப்புப் பிரிவு. பிறகு சுமார் ஒரு வாரம் மருத்துவமனை. குடல் மெதுவாகத்தான் வேலையைத் தொடங்கும். எனவே உணவும் படிப்படியாகத்தான். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்வார்கள். மூச்சுப் பயிற்சியும் நடையும் விரைவிலேயே தொடங்கும். வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் பசி இராது, களைப்பு இருக்கும், மனமும் சோரும். தண்ணீர்க் குடத்தையோ நூல் மூட்டையையோ தூக்கக் கூடாது. தையலிட்ட இடம் பிதுங்கிவிடும். முழு வலிமை திரும்ப இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். தொடை வழியே செய்தால் சில நாளில் வீடு திரும்பலாம். ஆனால் குழாயின் ஓரத்தில் இரத்தம் கசிகிறதா என்று ஆண்டுதோறும் பார்த்துவர வேண்டும்.

சிலருக்கு, ஒட்டுப் போட்ட இடத்துக்கு மேலேயோ, மார்புப் பகுதியிலோ, முழங்காலின் பின்புறத் தமனியிலோ பிறகு இன்னொரு புடைப்பு வருகிறது. துணி கெட்டதால் அன்று. மீதிச் சுவரும் அதே நலிந்த நாரால் ஆனது என்பதால்தான். இவர்கள் இரண்டாம் முறை, மூன்றாம் முறை அறுவைக்குப் போவதும் உண்டு. அவர்களைச் சீக்காளி என்று ஒதுக்க வேண்டியதில்லை. புடைப்பு சிறியதாக இருக்கும்போதே ஒலி அலைச் சோதனை அதைக் காட்டிவிடும். வயிற்றுப் புடைப்பு 5.5 செ.மீ.-ஐ எட்டும்வரை ஆண்களுக்குப் பெரும்பாலும் கண்காணிப்பே போதும். பீடி, சிகரெட்டை விடுவதும், இரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் உண்பதும், குறித்த நாளில் சோதனைக்குப் போவதுமே அவர்களுடைய அன்றாடக் காவல்.

டிபேக்கியின் கதையைக் கேளுங்கள். 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், அவருடைய பெருந்தமனியின் சுவர் அடுக்குகளே பிரிந்துவிட்டன. 2006 பிப்ரவரியில் அவருடைய மருத்துவமனைத் தோழர்கள் டேக்ரான் குழாய் பொருத்தினர். தேறுவதற்குப் பல மாதங்கள் ஆயின. தேறியபின் மீண்டும் பணிக்குத் திரும்பினார். 2008 ஜூலையில் 99 வயதில் மறைந்தார்.

உங்கள் வீட்டில் தாத்தாவுக்கோ பெரியப்பாவுக்கோ இந்நோய் இருந்தால், அவருடைய உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் ஒருமுறை சோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். புடைப்பு உள்ள ஒருவருக்குத் திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி வந்து, தலைசுற்றி வியர்த்தால், வாயுப் பிடிப்பு என்று காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

செய்து பாருங்கள்

1. நீளமான பலூனைப் பாதி ஊதிக் கட்டுங்கள். புடைத்த பகுதியையும் ஒடுங்கிய வாலையும் விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே அழுத்தம் ஒன்றுதான். எது விறைப்பாக இருக்கிறது? ஏன்?

2. ஆரம் 2.5 செ.மீ., அழுத்தம் 16,000 பாஸ்கல். இழுவிசை எவ்வளவு? மருந்தால் அழுத்தம் 14,000 பாஸ்கலாகக் குறைந்தால் எவ்வளவு?