தொண்டர் பலமும் ஊரார் துணையும்
மோட்டார் வீட்டுச் சங்க மாநாடுகள் தரும் பாடம்

கூட்டுறவு என்றதும் கடன், நூல், உரம், விற்பனை ஆகியவையே நம் அங்கத்தினர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும். அவை இன்றியமையாதவையே. எனினும், பலர் கூடி ஒரு காரியத்தைத் திட்டமிட்டு, வேலையைப் பங்கிட்டு, முடிவில் கணக்கையும் காட்டும் பழக்கம் இல்லாத சங்கத்தில் அவற்றுள் எதுவும் நிலைப்பதில்லை. அப்பழக்கம் எந்நாட்டில் காணப்படினும் அதை ஆராய்ந்து கற்பது நமக்கு நன்மை தரும். அவ்வகையில், அமெரிக்க நாட்டில் மோட்டார் வீட்டுச் சங்கத்தார் நடத்தும் பெரிய மாநாடுகளை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. மோட்டார் வீடும் அதன் சங்கமும்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகிய யாவும் உள்ளேயே அமைந்த பெரிய மோட்டார் வண்டியே மோட்டார் வீடு எனப்படுவது. இத்தகைய வண்டி வைத்திருந்த 26 குடும்பங்கள், 1963ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் நேர்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காணும் பொருட்டு, அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஹிங்க்லி என்னும் ஊரில் ஒன்றுகூடின. அன்றைய வண்டிகளிற் பல, பழைய பஸ்களை வாங்கி உரிமையாளர்களே வீடாக மாற்றி அமைத்தவை. பழுதுபார்க்கும் முறையைக் கேட்டறிய ஒருவருக்கு மற்றவரே துணை. ஆகவே கிரகணம் பார்க்க வந்தவர்கள் ஒரு சங்கத்தையும் அமைத்துவிட்டே பிரிந்தனர். அதுவே குடும்ப மோட்டார் கோச் சங்கம். பிற்காலத்தில் அதன் மாநாடுகளுக்கு ஆயிரக்கணக்கான வண்டிகள் வந்து சேர்ந்தன. மோட்டார் வீடு வைத்திருப்போரை மட்டுமே சேர்த்துவந்த அச்சங்கம், 2017ஆம் ஆண்டில் அங்கத்தினர் வாக்கெடுப்பின்படி, இழுவை வண்டி வீடு வைத்திருப்போருக்கும் கதவைத் திறந்தது. இது கூட்டுறவுச் சங்கம் அன்று. ஆயினும் தேவையால் பிறந்து, அங்கத்தினர் வாக்கால் நடப்பது என்னும் இரு குணங்களால் நமக்கு உறவுடையது.

2. இடம் தேடுதல்

மாநாட்டுக்கு முதல் தேவை திடல். பெரிய வண்டி ஒன்றின் எடை 13 டன்னையும் தாண்டும். புல்வெளியில் ஒரு நாள் மழை பெய்தால் சக்கரம் புதைந்துவிடும். எனவே இச்சங்கங்கள் பெரும்பாலும் விவசாயப் பொருட்காட்சித் திடல்களையே நாடுகின்றன. கால்நடைக் கொட்டகைகள், மின்சாரம், குடிநீர், அகன்ற வாயில்கள், கூட்ட மண்டபம் யாவும் அங்கே முன்னமே உண்டு. ஜார்ஜியா மாநிலத்துப் பெரி என்னும் ஊரில் 1990இல் திறக்கப்பட்ட மாநிலப் பொருட்காட்சித் திடலில் இச்சங்கம் பலமுறை கூடியுள்ளது. விவசாயிகளுக்கென எழுந்த திடல், கண்காட்சி இல்லாத மாதங்களில் வாடகை ஈட்டுகிறது. வருவோருக்கும் புதிதாக ஒன்றும் கட்டவேண்டிய செலவில்லை. சும்மா கிடக்கும் பொதுச் சொத்தைப் பயன்படுத்துவது இரு தரப்புக்கும் இலாபம் என்பதைக் கிடங்கு வைத்திருக்கும் சங்கங்கள் கவனிக்க வேண்டும்.

3. கணக்கிட்டுத் தொடங்குதல்

உற்சாகத்தைக் கொண்டு மாநாடு கூட்டலாம். கணக்கைக் கொண்டே நடத்தலாம். 500 வண்டிகள், வண்டிக்கு இருவர், நான்கு நாள் என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்.

மின்சாரம்: அமெரிக்காவில் வண்டிக்குக் கொடுக்கும் சாதாரண இணைப்பு 120 வோல்ட், 30 ஆம்பியர்; அதாவது 3,600 வாட். 500 வண்டிக்கு 1,800 கிலோவாட் ஆகிறது. எல்லோரும் எப்போதும் முழு அளவு எடுப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் குளிர்சாதனம் ஓடும் நடுப்பகலில் பெரும்பாலோர் ஒருங்கே எடுப்பர். திடலில் 900 கிலோவாட்டே உண்டு எனில், 250 வண்டிக்கு மேல் முழு இணைப்புக்கு உறுதி கூற இயலாது. அதை முன்னதாகவே அறிவித்து, மின்சாரம் உள்ள இடம், இல்லாத இடம் என இருவகைக் கட்டணம் விதிப்பதே நேர்மை. இணைப்பு இல்லாதோர் சொந்த ஜெனரேட்டரை ஓட்டுவர். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையற்றது. தூங்குபவரைத் தூக்கத்திலேயே கொல்ல வல்லது. ஆகையால் அவ்வண்டிகளுக்குத் தனிப்பகுதியும், இரவில் ஜெனரேட்டரை நிறுத்தும் நேரமும் வகுப்பது ஒழுங்குக்காக மட்டும் அன்று, உயிர்க்காப்புக்காகவும் ஆகும்.

தண்ணீரும் கழிவும்: நியூசிலாந்தில் 1956இல் தோன்றிய மோட்டார் கேரவன் சங்கம் இன்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினரைக் கொண்டது. அந்நாட்டின் 2001ஆம் ஆண்டுத் தரவிதி, வண்டியிலுள்ள ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளைக்கான தண்ணீரும், அதே மூன்று நாளைய கழிவைத் தேக்கும் தொட்டியும் வேண்டும் என வகுத்தது. 2023இல் இயற்றிய சட்டம், இவ்வகைச் சான்று பெற நிலையாகப் பொருத்திய கழிப்பறை வேண்டும் என்றது. நம் உதாரணத்தில் 1,000 பேருக்கு நான்கு நாளில், மிகக் குறைந்த அளவே 16,000 லிட்டர் ஆகும். தொட்டியோ மூன்று நாளைக்கே தாங்கும். ஆகவே, நான்காம் நாள் விடியுமுன் கழிவுநீர் லாரி ஒவ்வொரு வரிசைக்கும் வந்துபோக ஏற்பாடு இருந்தே தீரவேண்டும். இதைத் தவறவிட்டால் கழிவு ஊராரின் வாய்க்காலைச் சேரும். பிறகு அவ்வூரில் இரண்டாவது மாநாடு நடவாது.

நேரம்: ஒரு வண்டியை இடத்தில் நிறுத்த 3 நிமிடம் என்றால் 500 வண்டிக்கு 25 மணி, ஐந்து குழுக்கள் இருந்தால் 5 மணி. வாயிலில் பெயர் பதிய வண்டிக்கு 2 நிமிடம் என்றால் 1,000 நிமிடம். இரண்டே மேசைகள் போட்டால் 8 மணி 20 நிமிடம் ஆகும். ஐந்து குழுக்களும் கைகட்டி நிற்க, வண்டிகளோ நெடுஞ்சாலையில் வரிசை நிற்கும். நான்கு மேசைகள் போட்டால் 4 மணி 10 நிமிடத்தில் முடியும். பாவு ஓட்டுபவர் பின்தங்கினால் நல்ல தறியும் சும்மா நிற்கும் என்பது நெசவாளர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

4. தொண்டர் படை

நிறுத்தும் குழுவுக்கு நால்வர் வீதம் 20 பேர். மேசைக்கு இருவர் வீதம் 8 பேர். ஆக ஒரு முறைக்கு 28 பேர். வெயிலில் இரண்டரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்ற வேண்டுமாதலால் 56 பேர். நோய், தாமதம் ஆகியவற்றுக்கு மாற்றாக 8 பேர் சேர்த்து 64 பேர். வருபவர் ஆயிரம் பேரில் இது நூற்றுக்கு ஆறரைக்கும் குறைவே. ஆயினும் பொதுவாக "யாராவது வாருங்கள்" என்றால் அந்த ஆறு பேரும் வருவதில்லை. "வியாழன் காலை 9 மணி முதல் 11.30 வரை, மூன்றாம் வரிசை" என்று இடமும் நேரமும் குறித்துப் பெயர் கேட்டால் வருகின்றனர். எல்லையுள்ள வேலைக்கு மனிதர் அஞ்சுவதில்லை; எல்லையற்ற வேலைக்கே அஞ்சுவர்.

அங்கே தொண்டர்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்து தங்க அனுமதி பெறுவதுண்டு. அது கூலியன்று, வேலையைக் கற்கும் அவகாசம். நண்பர்கள் அருகருகே நிற்க விரும்பினால் சேர்ந்தே வரவேண்டும் என்பது வழக்கமான விதி. தலைவரின் நண்பருக்கும் விதி அதுவே என்று நிறுத்துவோர் துணிந்து சொல்லும்படி நிர்வாகக் குழு அவர்களுக்குப் பின்பலமாக நிற்க வேண்டும். நடக்க இயலாதோர்க்கு மட்டுமே மண்டபத்தருகே இடம் ஒதுக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தொண்டு இலவசம் போலத் தோன்றும். ஐந்தொகையில் அதற்கு இடமில்லை. ஆனால் அது தீர்ந்துபோகக்கூடிய மூலதனம். அதே பத்துப் பேரை ஆண்டுதோறும் அழைத்தால், ஒருநாள் பத்துப் பேரும் ஒருங்கே ஓய்ந்துவிடுவர். வேலை தெரிந்த பதினோராவது ஆள் இருக்கமாட்டார். காரியதரிசி ஒருவரே எல்லாவற்றையும் தலையில் சுமந்து, அவர் விலகியதும் படுத்துவிடும் சங்கங்களை நாம் பரிசீலனையில் காண்கிறோம். ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் ஓர் இளைய துணைவரை நியமித்து, செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பதே இதற்கு மருந்து.

5. ஊரார் துணை

அயோவா மாநிலத்தில் பாரஸ்ட் சிட்டி என்னும் சிற்றூர் உண்டு. மக்கள்தொகை நாலாயிரத்துச் சொச்சமே. விவசாய வருவாய் தளர்ந்து இளைஞர் ஊரைவிட்டு வெளியேறிய நிலையில், 1958இல் உள்ளூர் வணிகர் சிலர் கூடி, கலிபோர்னியாவிலிருந்து இழுவை வண்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றைத் தம் ஊருக்கு வரவழைத்தனர். பின்னர் ஊராரே அதை வாங்கி நடத்தினர். வின்னிபேகோ என்று இன்று பெயர்பெற்ற அந்நிறுவனம் 1966இல் மோட்டார் வீடு செய்யத் தொடங்கியது. அவ்வண்டி வைத்திருப்போரின் பெரிய மாநாடு கோடைதோறும் அவ்வூரிலேயே கூடலாயிற்று. தம் பிழைப்போடு பிணைந்த விருந்தினரை ஊரார் தொல்லையாக எண்ணுவரோ?

ஆனால் எல்லா ஊருக்கும் தொழிற்சாலை இல்லை. மற்ற இடங்களில் அத்தொடர்பை அமைப்பாளரே உண்டாக்க வேண்டும். காலை உணவை வெளியூர்க் காண்டிராக்டரிடம் விடாமல், உள்ளூர்த் தீயணைப்புத் தொண்டர், மாதா கோயில், பள்ளிப் பெற்றோர் ஆகியோரிடம் ஒப்படைத்தால், வரும் இலாபம் அவ்வூர்த் தீயணைப்பு வண்டிக்கோ பள்ளி வாத்தியக் குழுவுக்கோ போகும். காய்கறி, ரொட்டி, பெட்ரோல் யாவும் அங்கேயே வாங்கப்படும். போலீசாருக்கும் மருத்துவமனைக்கும் வருகை நாள், வண்டித் தொகை, திடலின் வரைபடம் ஆகியன முன்னதாகவே கொடுக்கப்படும். தீயணைப்பு வண்டி செல்லும் பாதையில் எவரும் நிற்கலாகாது.

6. பணமும் பொறுப்பும்

நிலைச் செலவை 500 வண்டிக்குப் பங்கிட்டுக் கட்டணம் விதித்து, 350 வண்டிகளே வந்தால், 150 பங்கை ஏற்பவர் யார்? இக்கேள்விக்கு விடை எழுதாமல் அழைப்பிதழ் அச்சிடக் கூடாது. குறைந்த வருகையைக் கொண்டே திட்டம் இடவேண்டும். ஒதுக்கு நிதி வேண்டும். திடல் ஒப்பந்தத்தில் ரத்து விதி வேண்டும். 2020இல் பெருந்தொற்றினால் உலகெங்கும் கூட்டங்கள் நின்றபோது, இவ்விதியின் அருமை பலருக்கும் புலனாயிற்று. மாநாட்டுக்குத் தனிக் கணக்கு, இருவர் கையொப்பம், வாயிலில் வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது ஆகியன தொண்டரைச் சந்தேகிப்பதற்காக அல்ல. அவரது நற்பெயரைக் காப்பதற்காகவே. கூலி வாங்காது உழைத்தவர்மீது பின்னர் எழும் வதந்தியைவிடக் கொடியது வேறில்லை.

7. முடிவுரை

இருபத்தாறு குடும்பங்களின் சந்திப்பு ஆயிரக்கணக்கான வண்டிகளின் மாநாடாக வளர்ந்தது பணத்தால் மட்டும் அன்று. அளந்து பகிர்ந்த வேலையும், ஊராருக்கும் உரிய பங்கும், திறந்த கணக்குமே அதற்கு ஆதாரம். நம் சங்கத்தின் பொதுக்கூட்டமாயினும், கைத்தறிக் கண்காட்சியாயினும், விளைபொருள் சந்தையாயினும் அளவு வேறு, முறை ஒன்றே.

அங்கத்தினர் வட்டங்களில் விவாதிக்கச் சில வினாக்கள்:

(1) நம் சங்கத்தின் அடுத்த விழாவுக்கு எத்தனை தொண்டர், எத்தனை மணி நேரம் தேவை? தாளில் கணக்கிட்டுக் காட்டுக.

(2) நம் காரியதரிசி ஒரு மாதம் வராதிருந்தால் எந்தெந்த வேலை நிற்கும்? அவற்றைக் கற்றுவரும் துணைவர் யார்?

(3) நாம் நடத்தும் விழாவால் ஊருக்குக் கிடைக்கும் நன்மை யாது? ஊருக்கு நேரும் தொல்லை யாது?

(4) எதிர்பார்த்ததில் பாதிப் பேரே வந்தால் நட்டத்தை ஏற்பது எந்த நிதி?