தேயிலைக் காடியும் அதன் ஏடும்

வீட்டில் தயாரிக்கும் முறையும், மிஞ்சும் ஏட்டைச் சருமத்தில் உபயோகிப்பதில் கவனிக்க வேண்டியவையும்

பாலில் உறைமோர் இட்டுத் தயிராக்குவதும், சோற்றில் நீரூற்றி வைத்து நீராகாரமாக்குவதும் எல்லாக் குடும்பங்களிலும் பழக்கமான காரியங்களாகும். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களைக் கொண்டு உணவைப் புளிக்க வைக்கும் இவ்வகையைச் சேர்ந்ததே கொம்புச்சா எனப்படும் தேயிலைக் காடியும். சீனத்தின் வடகிழக்குப் பகுதியிலும் ருஷியாவிலும் வீடுகளில் நெடுங்காலமாகத் தயாரிக்கப்பட்டு வந்த இப்பானம், இப்பொழுது பல நாடுகளின் நகரங்களில் புட்டிகளில் விற்கப்படுகிறது. இதற்கு வேண்டிய சரக்குகள் தேயிலையும் சர்க்கரையுமே. நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலை விளைவதால் இவை எளிதில் கிடைப்பன. ஆகையால் வீட்டிலேயே இதனைத் தயாரிப்பாரும் உளர்.

பானம் தயாராகும் ஒவ்வொரு தடவையும் அதன்மேல் புதியதோர் ஏடு படிந்து மிஞ்சுகிறது. இதனை முகத்தில் இட்டால் பொலிவு உண்டாகும் என்றும், புண்ணில் வைத்தால் ஆறும் என்றும் சொல்லும் வழக்கமும் பானத்துடன் கூடவே பரவி வருகிறது. ஆனால் பானத்திற்குள்ள பாதுகாப்பு மேற்பூச்சுக்கு இல்லை. ஜாடிக்குள் கேட்டைத் தடுக்கும் புளிப்பே, ஏட்டைச் சருமத்தில் இடும்போது எரிச்சலுக்குக் காரணமாகலாம். கால்நடைகள் உள்ள வீடுகளில் இதனினும் பெரியதோர் அபாயமும் உண்டு. அது பின்னர் விவரிக்கப்படும்.

ஏடு என்பது யாது?

பலர் இதனைக் காளான் என்பர். அது சரியன்று. இது ஈஸ்ட் என்னும் நொதி உயிர்களும் காடி பாக்டீரியாக்களும் கூடி வாழும் கூட்டமாகும். 1886-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஏ. ஜே. பிரவுன் என்னும் ரசாயன நிபுணர், காடியின்மேல் படலம் கட்டும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அப்படலம் பஞ்சிலுள்ள செல்லுலோஸ் என்னும் வஸ்துவே என்று கண்டறிந்தார். தேயிலைக் காடியின் ஏட்டைக் கட்டுவதும் அவ்வினத்து உயிரே. 1913-ம் ஆண்டில் ஜெர்மனியின் காளானியல் அறிஞர் குஸ்டாவ் லிண்டாவ் இக்கூட்டத்திற்கு விஞ்ஞானப் பெயரிட்டு விவரித்தார்.

வேலை நடக்கும் முறை பின்வருமாறு. ஈஸ்டுகள் சர்க்கரையைச் சிதைத்துச் சாராயத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. பாக்டீரியாக்கள் அச்சாராயத்தைக் காடி அமிலமாகவும், சர்க்கரையின் ஒரு பகுதியை வேறோர் அமிலமாகவும் மாற்றுகின்றன. அத்துடன் காற்றுப்படும் மேற்பரப்பில் ஏட்டையும் நெய்கின்றன. கள் நாட்பட்டுக் காடியாவது போன்றதே இது. இங்கே இரண்டு வேலைகளும் ஒரே பாத்திரத்தில், ஒரே சமயத்தில் நடைபெறுகின்றன என்பது மட்டுமே வேற்றுமை.

தயாரிக்கும் முறை

ஒரு லிட்டர் நீருக்கு 5 முதல் 6 கிராம் தேயிலையும், 60 முதல் 80 கிராம் வெள்ளைச் சர்க்கரையும் போதுமானவை. நீரைக் கொதிக்க வைத்து இறக்கித் தேயிலையை இட்டு, கால் மணி நேரம் மூடி வைத்து வடிகட்டி, சூடு இருக்கும்போதே சர்க்கரையைக் கரைத்துக்கொள்ள வேண்டும். பால் சேர்க்கலாகாது. வாசனைத் தைலம் கலந்த தேயிலை உதவாது. அத்தைலம் நுண்ணுயிர்களுக்குக் கெடுதல் செய்யும்.

கஷாயம் கைச்சூட்டுக்கும் கீழே ஆறிய பின்னரே ஏட்டை இட வேண்டும். சூட்டில் இட்டால் உயிர்கள் மடிந்து போகும். ஏட்டுடன், முன்பு தயாரான புளித்த காடியில் 100 மில்லிலிட்டரும் சேர்ப்பது இன்றியமையாதது. உறைமோர் குறைந்தால் பால் தோயாமல் திரிவதுபோல, இப்புளிப்பு குறைந்தால் கெட்ட கிருமிகளும் பூஞ்சணமும் முந்திக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்கள் ஏடு மட்டும் வாங்கிவந்து இப்புளிப்பை விட்டுவிடுவதே பெரும்பாலும் நேரும் பிழையாகும்.

பாத்திரத்தின் வாயை நெருக்கமாக நெய்த சுத்தமான துணியால் மூடிக் கயிற்றால் கட்ட வேண்டும். காற்று உட்செல்ல வேண்டும், ஈ உட்செல்லலாகாது. புளிப்பு வாசனைக்குப் பழ ஈக்கள் விரைந்து வந்து முட்டையிடுமாதலால் சல்லடைத் துணி போதாது. ஜாடியை வெயில் படாத இடத்தில் அசைக்காமல் வைக்க வேண்டும். 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் உகந்தது. அதில் 7 முதல் 10 நாட்களில் பானம் தயாராகும். சமவெளியில் கோடைக்காலத்தில் உஷ்ணம் இதற்கு மேற்படுமாகையால் 5-ம் நாள் முதலே பதம் பார்ப்பது நலம்.

பதம் அறிவதற்கு நாக்கை மட்டும் நம்புவது போதாது. மண்ணின் தன்மையைக் காண உதவும் பி. எச். காகிதத்தைப் போன்றதை இதற்கும் உபயோகிக்கலாம். இவ்வளவில் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 7 நாட்களுக்குள் எண் 4.2-க்குக் கீழே இறங்காவிடில் அந்தப் பானத்தைக் கொட்டிவிட வேண்டும். 2.5-க்கும் கீழே இறங்கியது அருந்துவதற்கு மிகவும் கடுமையானது.

தயாரான பின் வடிகட்டி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சில நாட்களுக்குள் அருந்திவிடுவது நல்லது. இறுக மூடிய கண்ணாடிப் புட்டியை வெளியில் வைத்தால், உள்ளே தொடர்ந்து உண்டாகும் வாயுவின் அழுத்தத்தால் புட்டி வெடிக்கக்கூடும்.

பாத்திரத்தைப் பற்றிய எச்சரிக்கை

பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்கள் புளிப்பால் அரிக்கப்படுவதால் அறவே கூடா. மெருகிட்ட பழைய ஊறுகாய் ஜாடிகளும் ஐயத்திற்குரியன. சிலவகை மெருகில் காரீயம் கலந்திருக்கும். நாட்கணக்கில் ஊறும் அமிலம் அதனைக் கரைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் பீங்கான் பாத்திரத்தில் இப்பானத்தைத் தயாரித்து மாதக்கணக்கில் அருந்திவந்த தம்பதிகளுக்குக் காரீய நஞ்சு ஏறியது 1998-ம் ஆண்டில் அந்நாட்டு மருத்துவச் சஞ்சிகையில் வெளியாயிற்று. கண்ணாடி ஜாடியே மிகச் சிறந்தது.

கெட்டதை அறியும் அடையாளம்

ஏட்டின் அடியில் தொங்கும் பழுப்பு நிற இழைகள் ஈஸ்டுகளே. அவற்றால் கெடுதல் இல்லை. ஏடு மிதவாமல் மூழ்கிக் கிடப்பதும் குற்றமன்று. ஆனால் ஏட்டின் மேற்புறத்தில் உலர்ந்த பஞ்சு போலவோ மாவு போலவோ பச்சை, கறுப்பு, வெள்ளை நிறங்களில் பூத்திருந்தால் அது பூஞ்சணமாகும். அப்பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்வது தவறு. ஏடு, பானம் இரண்டையும் கொட்டிவிட்டு, ஜாடியைக் கொதிநீரில் கழுவி, வேறு ஏட்டைக் கொண்டு புதிதாகத் தொடங்க வேண்டும்.

அருந்துவோர் கவனத்திற்கு

இப்பானம் நோய்களைத் தீர்க்கும் என்று சொல்லப்படுவன பல. 2003-ம் ஆண்டில் எட்ஸார்ட் எர்ன்ஸ்ட் என்னும் ஆராய்ச்சியாளர், மனிதரிடம் செய்யப்பட்ட சோதனைகளைத் தேடிப் பார்த்து, அத்தகைய பலனுக்குத் தக்க சான்று இல்லை என்று முடிவு கட்டினார். 2023-ம் ஆண்டில் நீரிழிவு உள்ள 12 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்திய சிறு சோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்ததாகக் காணப்பட்டது. ஆனால் இத்தனை சிறிய சோதனையைக் கொண்டு மருந்தை நிறுத்துவது அறிவுடைமையன்று.

1995-ம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில், இதனைத் தினமும் அருந்திவந்த இருவருக்கு இரத்தத்தில் அமிலம் மிகுந்து கடும் நோய் கண்டது, ஒருவர் இறந்தார். பானமே காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. அதனை ஆராய்ந்த அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையம், நாளொன்றுக்குச் சுமார் 120 மில்லிலிட்டர் அருந்துவது ஆரோக்கியமானவர்களுக்குத் தீங்கிழைக்காதிருக்கலாம் என்று குறிப்பிட்டது. வீட்டில் தயாரிப்பவர்கள் இவ்வளவை மீறாதிருப்பது நலம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், குழந்தைகள், சிறுநீரக நோயாளிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் ஆகியோர் இதனை விலக்குவதே தகும்.

ஏட்டைச் சருமத்தில் இடுதல்

ஏட்டின் செல்லுலோஸ் மிக மெல்லிய இழைகளால் ஆனது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் இயல்புடையது. ஆகவே காயங்களுக்கான கட்டாகவும் முகத்திரையாகவும் அது தொழிற்சாலைகளில் செய்யப்படுகிறது. இதனைக் கேட்டவர்கள் வீட்டு ஏடும் அதற்குச் சமமே என்று எண்ணுவதில்தான் பிழை உண்டாகிறது. தொழிற்சாலையில் ஏட்டைக் காரத்தில் வேகவைத்து, அதிலுள்ள உயிர்களையும் அமிலத்தையும் முற்றிலும் நீக்கி, கிருமி நீக்கம் செய்த பின்னரே கட்டாக்குகின்றனர். வீட்டு ஏட்டிலோ உயிர்களும் அமிலமும் அப்படியே நிறைந்துள்ளன.

சருமத்தின் இயற்கையான பி. எச். சுமார் 5. நன்கு புளித்த காடியினுடையது சுமார் 3. இவ்வளவில் ஓர் எண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்காகும். எனவே இரண்டு எண் குறைவது நூறு மடங்கு. அத்தகைய ஏட்டை மெல்லிய முகச் சருமத்தில் நெடுநேரம் வைத்திருந்தால் எரிச்சலும் புண்ணும் உண்டாவதில் வியப்பில்லை.

இதனினும் பெரிய அபாயம் ஈரானில் வெளிப்பட்டது. தெஹ்ரான் நகரை அடுத்த பகுதியில், வலி தீருமென்று கொம்புச்சாவை மேனியில் இட்டுக்கொண்டவர்கள் பலருக்கு அடைப்பான் நோய் சருமத்தில் கண்டது. இச்செய்தி 1998-ம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று. அடைப்பான் என்பது ஆடுமாடுகளைத் திடீரெனக் கொல்லும் ஆந்திராக்ஸ் நோயே. அதன் கிருமி வித்து வடிவெடுத்து மண்ணில் பல்லாண்டுகள் மடியாமல் கிடக்கும். காடியின் புளிப்பு பல கிருமிகளைத் தடுக்குமாயினும், இத்தகைய வித்துக்களை அழித்துவிடும் என்று நம்புவதற்கில்லை. சருமத்தில் கீறலோ புண்ணோ இருப்பின் அதன் வழியே அவை உட்புகும்.

இந்நிகழ்ச்சி கால்நடை வளர்ப்போருக்குச் சிறப்பாகப் படிப்பினை தருவது. கொட்டிலுக்கு அருகிலும், தோல், ரோமம், எலும்பு, தீவனம் வைத்திருக்கும் இடத்திலும் காடி ஜாடியை வைக்கலாகாது. கொட்டில் வேலை செய்த கையோடு ஏட்டைத் தொடலாகாது. திடீரென மாண்ட கால்நடையை அறுக்காமலும் தோலுரிக்காமலும் உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும் என்னும் விதியையும் இங்கே நினைவிற்கொள்வது தகும்.

ஆகையால், உயிருள்ள ஏட்டை முகத்திலோ, புண்ணிலோ, கரப்பான், சிரங்கு முதலியவற்றிலோ இடுவது கூடவே கூடாது. நன்கு புளித்துப்போன காடியைத் தலைமுடி அலசுவதற்கு மட்டும் உபயோகிக்க விரும்புவோர், அதனை வடிகட்டிக் கொதிக்க வைத்து ஆற்றி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். தடிப்போ அரிப்போ காணின் விட்டுவிட வேண்டும். கண்ணில் படாமலும், தலையில் புண் இருக்கும்போது தடவாமலும் எச்சரிக்கையாயிருத்தல் அவசியம்.

மிஞ்சும் ஏட்டுக்குத் தக்க உபயோகம்

இரண்டு மூன்று நல்ல ஏடுகளைப் புளித்த காடியில் மூழ்க வைத்துத் துணி கட்டித் தனி ஜாடியில் சேமித்துக்கொண்டால், நடப்பு ஜாடி கெட்டுப்போயினும் மறுபடி தொடங்க உதவும். மற்றவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, சருகும் சாணமும் கலந்து எருக்குழியில் இடலாம். செல்லுலோஸ் ஆதலால் மட்கிவிடும். மிகவும் புளித்த காடி, பாத்திரங்களில் படிந்த உப்புக்கறையைப் போக்க உதவும். ஊறுகாய் போடுவதற்கு இதனை நம்பலாகாது. கடைக் காடிபோல இதன் அமில அளவு நிலையானதன்று.

விற்பனை பற்றிக் கிராம அதிகாரிகள் அறிய வேண்டியவை

பானத்தை விலைக்கு விற்க முற்படுவோர், 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற வேண்டும். இப்பானத்தில் சாராயம் இயல்பாகவே சிறிதளவு உண்டு. வைத்திருக்க வைத்திருக்க அது மிகும். நூற்றில் அரைப் பங்குக்கு மேற்பட்டால் அது மதுபானமாகக் கருதப்படும். அமெரிக்காவில் 2010-ம் ஆண்டில் இவ்வளவு மீறியதென்ற ஐயத்தால் கடைகளிலிருந்து புட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. ஏட்டை முகப்பூச்சாகச் செய்து விற்பதற்கும் உரிமம் வேண்டும்; 1940-ம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டம் அதற்கு உரியது. மகளிர் குழுக்கள் இத்தொழிலில் பொருள் முடக்குமுன் இவற்றை எடுத்துரைப்பது அதிகாரிகளின் கடமையாகும்.

சாராம்சம்

கண்ணாடி ஜாடி, போதிய பழம்புளிப்பு, நெருக்கமான துணி, சுத்தமான கை ஆகிய நான்கும் அமைந்தால் தேயிலைக் காடி வீட்டில் தயாரிக்கத் தக்க பானமே. அளவோடு அருந்துவது நலம். மிஞ்சும் ஏட்டுக்கு உரிய இடம் சேமிப்பு ஜாடியும் எருக்குழியுமே. முகமும் புண்ணும் அன்று.