வாடி ரம்மில் ஒரு பகல்

ஜோர்டான் நாட்டின் தென்கோடியில், செங்கடலை ஒட்டிய அக்காபா நகரிலிருந்து புறப்பட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வாடி ரம் பாலைவனத்தை அடையலாம். ‘வாடி’ என்னும் அரபுச் சொல்லுக்குப் பள்ளத்தாக்கு என்பது பொருள். மழை பெய்யும்போது மட்டும் நீர் ஓடி, மற்ற நாளெல்லாம் வறண்டு கிடக்கும் பள்ளத்தாக்கையே அப்படி அழைப்பர். இங்கே ஓராண்டில் பெய்யும் மழை 100 மில்லிமீட்டரைத் தொடுவதே அரிது. பரந்த செம்மணலின் நடுவே மணற்பாறை மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. செவ்வாய்க் கோளில் நடப்பதாகக் கதை சொல்லும் ‘தி மார்ஷியன்’ திரைப்படத்தின் காட்சிகளை இங்கேதான் படமாக்கினார்கள். நிலத்தின் தோற்றத்தை அதைக்கொண்டே ஊகித்துக்கொள்ளலாம்.

தார்ச்சாலை ரம் கிராமத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் செல்ல வருவோரில் பெரும்பாலோர், உள்ளூர் பெடூயின் ஒருவரின் பிக்கப் வண்டியில் ஏறிக்கொள்கின்றனர். வண்டியின் பின்புறத்தில் இரண்டு நீள இருக்கைகளைப் பொருத்தி, மேலே துணிக்கூரை கட்டியிருப்பார்கள். ஓட்டுநரே வழிகாட்டி, அவரே சமையற்காரர், அவரே விருந்தளிப்பவரும்கூட. கிராமத்தில் வாழ்வோரில் பலர் ஸலாபியா குலத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பாட்டன்மார் இதே மணலில் ஆடுகளையும் ஒட்டகங்களையும் ஓட்டிக்கொண்டு, மேய்ச்சலைத் தேடி இடம்விட்டு இடம் பெயர்ந்தவர்கள்.

பாலைவனத்தில் திசைகாட்டும் பலகை எதுவும் இல்லை. புதிதாக வருபவரின் கண்ணுக்கு எல்லாப் பக்கமும் ஒரே மணலாகவும் ஒரே மலையாகவும் தெரியும். வழிகாட்டிக்கோ ஒவ்வொரு மலைக்கும் ஒரு பெயர் உண்டு. எந்த மணல் இறுகியது, எது சக்கரத்தை விழுங்கும் என்பதை அவர் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார். வழியில் வண்டியை நிறுத்தி, ‘அஜ்ரம்’ என்னும் சிறு செடியின் இலைகளைப் பறித்துக் கல்லில் நசுக்கி, சில சொட்டு நீர் விட்டுத் தேய்த்துக் காட்டுகிறார். சவர்க்காரம் போல நுரை வருகிறது! நீர் குறைவான ஊரில் கை கழுவுவதற்கும் ஒரு வழி இருக்கத்தானே வேண்டும்?

முதலில் நிற்கும் இடம் பெரும்பாலும் ஓர் ஊற்றாக இருக்கும். மழையே இல்லாத நிலத்தில் மலைச்சரிவிலிருந்து நீர் எப்படிக் கசிகிறது? இம்மலைகளின் மேற்பகுதி மணற்பாறை, அடிப்பகுதி கருங்கல். எப்போதோ பெய்யும் மழைநீரை மணற்பாறை பஞ்சு போல உறிஞ்சிக்கொள்கிறது. அந்நீர் மெல்ல மெல்லக் கீழிறங்கிக் கருங்கல்லை அடைந்ததும், அதற்கு மேல் இறங்க முடியாமல் பக்கவாட்டில் வழிந்து வெளியே வருகிறது. அதனால்தான் மலையின் அடிவாரத்தில் அன்றி, இரண்டு பாறைகளும் சந்திக்கும் உயரத்தில் பச்சைச் செடிகள் வரிசையாகத் தெரிகின்றன. 2000 ஆண்டுகளுக்கு முன் இங்கு வாழ்ந்த நபத்தேயர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். ஊற்று நீரைக் கீழே கொண்டுவரப் பாறையைச் செதுக்கி வாய்க்கால் அமைத்தனர்.

அடுத்து வருவது கஸாலி என்னும் குறுகிய மலைப்பிளவு. வெயில் நுழையாத அதன் சுவர்களில் மனித உருவங்களும் விலங்குகளும் பாதச் சுவடுகளும் பழங்கால எழுத்துகளும் செதுக்கப்பட்டுள்ளன. வாடி ரம் முழுவதிலும் ஏறத்தாழ 25,000 பாறைச் செதுக்கல்களும் 20,000 கல்லெழுத்துகளும் கண்டறியப்பட்டுள்ளன. 2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்பகுதியை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்ததற்கு இவையும் ஒரு காரணம்.

நண்பகலில் வண்டி ஒரு பாறையின் நிழலில் ஒதுங்குகிறது. காய்ந்த சுள்ளிகளைப் பொறுக்கித் தீ மூட்டுகின்றனர். கரி படிந்த கெண்டியில் தேநீர் கொதிக்கிறது. சர்க்கரை தாராளமாகவே விழுகிறது. ஆனால், பெடூயின் மக்களின் விருந்தோம்பலைப் புரிந்துகொள்ளத் தேநீரைவிடக் காப்பியையே பார்க்க வேண்டும். காப்பிக் கொட்டையை வறுத்து மர உரலில் இடித்து, ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சுவார்கள். அக்காலத்தில் உரல் இடிக்கும் ஓசை கூடாரத்துக்குக் கூடாரம் கேட்கும். விருந்தினர் வந்திருக்கிறார் என்று அண்டை அயலார் அதைக் கொண்டே அறிந்துகொள்வார்கள்.

காப்பியைச் சிறு குவளையில் அடியில் மட்டும் ஊற்றித் தருவது வழக்கம். நிறைய ஊற்றினால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று பொருளாகிவிடும். முதல் குவளை விருந்தினருக்கு உரியது. அதற்குத் ‘தைஃப்’ என்று பெயர். இரண்டாவது ‘கைஃப்’, மகிழ்ச்சிக்கு உரியது. மூன்றாவது ‘சைஃப்’, அதாவது வாள். இதை அருந்தியவர், ஆபத்து வந்தால் விருந்தளித்தவரோடு சேர்ந்து நிற்பார் என்பது உடன்பாடு. போதும் என்று வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை. குவளையை இரண்டு மூன்று முறை மெல்ல அசைத்தால் போதும். இந்தச் சைகை தெரியாதவர் குவளையைச் சும்மா நீட்டிவிட்டு, மீண்டும் மீண்டும் காப்பி வருவதைக் கண்டு விழிப்பதும் உண்டு!

இவ்வழக்கம் வெறும் மரியாதைக்காகத் தோன்றியதன்று. நீரும் நிழலும் ஒரு நாள் பயணத் தொலைவில் இருக்கும் நிலத்தில், ஒருவரைக் கூடாரத்துக்குள் விடாமல் துரத்துவது அவரைச் சாகவிடுவதற்குச் சமம். இன்று கதவைத் தட்டுபவர் அவர் என்றால், நாளை தட்டப்போவது நாமாக இருக்கலாம். ஆகவே, வந்தவர் பகைவரே ஆனாலும் மூன்று நாள் அவருக்கு உணவும் பாதுகாப்பும் தர வேண்டும். எதற்காக வந்தார் என்றுகூட அதுவரை கேட்கக்கூடாது. இதற்குப் பணம் வாங்குவது என்பது நினைத்துப் பார்க்கவும் முடியாத இழிவாகக் கருதப்பட்டது.

இன்று நிலைமை வேறு. விருந்தினர் யார், எத்தனை பேர், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே கைப்பேசியில் பேசி முடிக்கப்படுகிறது. இதைக் கண்டு, பழைய பண்பு விற்பனைக்கு வந்துவிட்டது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்வது எளிது. பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவும் நோய்க்கு மருத்துவரைப் பார்க்கவும் மக்கள் கிராமத்தில் வீடு கட்டிக் குடியேறினார்கள். ஆடுகளை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வாழ்வது கடினமாயிற்று. தம் நிலத்தைப் பற்றிய அறிவு ஒன்றே அவர்களிடம் எஞ்சியிருந்த செல்வம். அதைத்தான் அவர்கள் பிழைப்பாக மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பிழைப்பும் உறுதியானதன்று. 2020ஆம் ஆண்டில் கோவிட்-19 பரவியபோது ஜோர்டான் தன் எல்லைகளை மூடியது. வெளிநாட்டவரை நம்பியிருந்த வண்டிகள் நின்றுபோயின.

நிலமும் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கண்ட இடமெல்லாம் ஓடும் சக்கரங்கள், நெடுநாள் காத்திருந்து முளைத்த செடிகளை நசுக்குகின்றன. கறுத்த ஆட்டு மயிரால் பெண்கள் நெய்த கூடாரங்கள் குறைந்துவிட்டன. அந்தத் துணி மழையில் நனைந்தால் இழைகள் உப்பி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் ஒழுகாது. இப்போது பல முகாம்களில் கண்ணாடி முகப்புக் கொண்ட குமிழ் அறைகள் நிற்கின்றன. அவற்றில் குளிர்சாதனமும் குளியலறையும் உண்டு. அதற்கெல்லாம் வேண்டிய நீர்? இப்பகுதியின் அடியில் ‘டிசி’ என்னும் பெரிய நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையின் சேமிப்பு அது. இன்றைய மழையால் அதை ஈடுசெய்ய முடியாது. 2013ஆம் ஆண்டு முதல் 300 கிலோமீட்டருக்கும் அதிகமான குழாய் வழியாக அந்நீர் தலைநகர் அம்மானுக்கும் செல்கிறது. தலைநகரத்து மக்களுக்கும் தாகம் உண்டல்லவா? ஊற்றைக் கண்போல் காத்தவர்களின் காலடியிலிருந்து நீர் இறங்கிக்கொண்டே போகிறது என்பதும் உண்மை.

மாலையில் வழிகாட்டி ஓர் உயரமான பாறைக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். கதிரவன் மறையும்போது மலைகள் செம்மையிலிருந்து ஊதா நிறத்துக்கு மாறுகின்றன. எல்லாரும் படம் எடுத்து முடிக்கும்வரை அவர் பேசாமல் காத்திருக்கிறார். இருட்டியதும் விளக்கைப் பெரிதாகப் போடாமலே கிராமத்துக்கு வழி கண்டுபிடித்துவிடுகிறார்.

கட்டணத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகு, வீட்டுக்குள் வந்து காப்பி குடித்துவிட்டுப் போகும்படி அழைக்கிறார். உள்ளே உரல் இடிக்கும் ஓசை கேட்கிறது. பயணிகளில் சிலர் உடனே செருப்பைக் கழற்றுகின்றனர். சிலர், இதற்கும் தனிக் கட்டணம் இருக்குமோ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வாசலில் நிற்கின்றனர்.