வளவில் ஆனைக்கொய்யா நடலாமா?

"சந்தையில வாங்கின ஆனைக்கொய்யாவின்ர கொட்டை கிடக்கு, எங்கட வளவில நட்டால் வருமா?" ஊர் திரும்பிய குடும்பங்கள் சில எங்களிடம் கேட்ட கேள்வி இது. பட்டர் புரூட், அவகாடோ என்பதும் இதே பழந்தான். மலைநாட்டில் நன்றாகக் காய்க்கும் மரம். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வரும், ஆனால் எல்லா வளவிலும் வராது.

அதற்கு முன் ஒன்று. அலவாங்கைக் கையில் எடுக்க முதல், உங்கள் காணி கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மண்டையோட்டுப் பலகை உள்ள பக்கம் போகவே வேண்டாம். ஒப்படைத்த காணியானாலும், கிண்டும்போது இனந்தெரியாத இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் தொடாதீர்கள், தோண்டிப் பார்க்காதீர்கள். வந்த வழியே திரும்பிப் போய்ப் பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது தண்ணீர். ஆனைக்கொய்யாவுக்கு உப்பு ஆகவே ஆகாது. தேத்தண்ணீர் போட்டால் உப்புக் கரிக்கும் கிணறு என்றால் இலை நுனி கருகி, மரம் தேறாது. அப்படியான வளவில் தென்னையோ முருங்கையோ வைப்பதுதான் புத்தி. வெள்ளம் நிற்கும் இடமும் சரிவராது, வேர் அழுகிவிடும். வயற்காணி போன்ற களிமண் என்றால் ஒன்றரை அடி உயரத்துக்கு மண்ணைக் குவித்து, அந்த மேட்டில் நடுங்கள்.

கொட்டை காய்ந்திருந்தால் முளைக்காது. பழம் தின்ற கையோடு கழுவி, அகன்ற பக்கம் கீழேயும் கூர்ப்பக்கம் சற்று வெளியே தெரியும்படியும் பொலித்தீன் பையில் ஊன்றுங்கள். முளைக்க ஒரு மாதம், சிலவேளை இன்னும் கூடச் செல்லும். ஆனால் கொட்டை மரம் தாய் மரத்தின் பழத்தையே தரும் என்றில்லை. காய்க்க ஐந்து வருடத்துக்கு மேலாகும். ஒட்டுக்கன்று மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். காசு கொடுத்தாலும் ஒட்டுக்கன்றே மேல் என்பது எங்கள் எண்ணம். எங்கே நல்ல கன்று கிடைக்கும் என்று விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

ஐப்பசியில் மழை விழுந்ததும் நடலாம். இரண்டடி அகலம், இரண்டடி ஆழக் கிடங்கு போதும். மேல்மண்ணோடு உக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்புங்கள். வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் இருபத்தைந்து அடியாவது தள்ளி நில்லுங்கள். மரம் பெரிதாக வரும். முதல் இரண்டு கோடையும்தான் கண்டம். கன்றைச் சுற்றிக் கிடுகால் நிழல் கட்டுங்கள். அடியில் வைக்கோலோ சருகோ போடுங்கள், தண்டில் முட்டாமல் ஒரு சாண் விட்டு. வேர் மேலாக ஓடுவதால் அடியை மண்வெட்டியால் கொத்த வேண்டாம். மண் ஈரமாக இருந்தால் தண்ணீர் விடவும் வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய தண்ணீராலும் கன்று பட்டுப்போகும்.

வேலி கட்டாயம். கட்டாக்காலி மாடு கன்றைத் தின்றுவிடும் என்பதற்காக மட்டுமல்ல: இந்த மரத்தின் இலையும் பட்டையும் கொட்டையும் ஆடு மாட்டுக்கு நஞ்சு. பால் தரும் ஆடு தின்றால் மடி வீங்கிப் பால் வற்றும். கூடத் தின்றால் சாகவும் கூடும். வாழ்வாதார உதவியாகக் கிடைத்த ஆட்டை இந்த இலைக்குப் பறிகொடுக்க வேண்டாம். வெட்டிய கிளைகளையும் ஆட்டுக்குப் போடாதீர்கள். கோழிக்கும் ஆகாது.

காய் மரத்தில் பழுக்காது. முற்றியதா என்று பார்க்க ஒன்றைக் காம்போடு பறித்து வீட்டில் வையுங்கள். ஒரு வாரமளவில் சுருங்காமல் மெதுமெதுப்பானால் அதே அளவுள்ள மற்றக் காய்களையும் பறிக்கலாம். சுருங்கி ரப்பர் போலானால் இன்னும் இரண்டு கிழமை பொறுங்கள். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு, சீனி சேர்க்காமல் மசித்து அப்படியே ஊட்டலாம்.