மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள்

அறுபதைத் தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில், ஃப்ரிட்ஜ் மேலோ டிவி பக்கத்திலோ ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். உள்ளே பாதி கிழிந்த மாத்திரை அட்டைகள். ‘வெள்ளை பிரஷருக்கு, மஞ்சள் சுகருக்கு’ என்று நிறத்தை வைத்தே அடையாளம் சொல்வார்கள். கம்பெனி மாறினால் நிறமும் மாறிவிடும். அதனால்தான் இந்த அடையாளம் ஆபத்தானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் டப்பாவை ஒழுங்குபடுத்திவிடலாம்.

முதலில் எல்லாவற்றையும் ஒரு செய்தித்தாளில் கொட்டுங்கள். காலாவதியானவற்றையும், எதுவென்றே தெரியாத துண்டுகளையும் ஒதுக்குங்கள். இனி தேதி அச்சிட்ட ஓரத்தைக் கடைசிவரை கிழிக்காமல் எதிர்ப்பக்கத்திலிருந்து மாத்திரை எடுக்கப் பழக்குங்கள்.

அடுத்தது, அட்டையின் பின்பக்கம். கம்பெனி வைத்த பெயரோடு மூலமருந்தின் பெயரும் அளவும் அதில் இருக்கும். அதைத்தான் படிக்க வேண்டும். டெல்மா 40, டெல்மிகைண்ட் 40 இரண்டிலும் இருப்பது டெல்மிசார்டன் 40 மி.கி. என்ற ஒரே பிரஷர் மருந்து. டெல்மா ஏஎம் என்றால் அதில் அம்லோடிபினும் சேர்ந்திருக்கிறது. அதோடு அம்லாங் மாத்திரையையும் போட்டால் அம்லோடிபின் இரட்டிப்பாகிவிடும். தமிழ்நாட்டில் இந்தக் குழப்பத்துக்கு வாய்ப்பு அதிகம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அதே ஆள் தனியார் டாக்டரிடமும் காட்டினால், ஒரே மருந்து இரண்டு பெயரில் டப்பாவுக்குள் வந்துவிடும். அப்படி இருந்தால் எதை நிறுத்துவதென்று நீங்களாக முடிவு செய்யாமல், இரண்டு அட்டைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது ஒரு தாளை எடுத்து மருந்து, அளவு, எதற்காக, எப்போது என்று நான்கு கட்டம் போடுங்கள். நேரம் முக்கியம். தைராய்டுக்கான லெவோதைராக்சினைக் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. சுகருக்கான மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு. வயிற்றுப் புரட்டல் குறையும். பெயரோடு எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று இருந்தால் மருந்து மெதுவாகக் கரைவதற்காகச் செய்தது என்று பொருள். அதைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது. கொலஸ்ட்ராலுக்கான அட்டோர்வாஸ்டாடினை எந்த வேளையில் போட்டாலும் சரி, தினமும் அதே வேளையில் போட்டால் மறக்காது.

சுகருக்கான கிளிமிபிரைடு இருந்தால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். மாத்திரையைப் போட்டுவிட்டுக் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஒரு வேளை மறந்துபோனால்? நினைவு வந்ததும் போடலாம் என்பது பெரும்பாலான மாத்திரைகளுக்குப் பொருந்தும். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்து மட்டும் போடவே வேண்டாம்.

அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். இன்னொரு பிரஷர் மருந்தான எனலாப்ரிலால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். உடனே தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்.

மூட்டு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். அட்டையின் இடது ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து.

எழுதிய தாளை டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு இரண்டு நகல் எடுங்கள். ஒன்று ஃப்ரிட்ஜ் கதவில், இன்னொன்று பெரியவரின் பர்ஸில். 108 ஆம்புலன்ஸை அழைக்க நேர்ந்தால், வந்து இறங்குபவர் கையில் முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள்.